ஏறின மணி, இறங்கின மணி

முன் அறையில் போன் அடித்தது.

சமையற்கட்டில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த சாவித்திரியின் கை அந்தரத்தில் நின்றது. கரண்டியிலிருந்து மாவு சொட்டி அடுப்பு மேடையில் விழுந்தது. இன்று திங்கட்கிழமை. மூன்று வருடங்களாகத் திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டில் போன் அடிக்கும். வெளிநாட்டு எண். பெற்ற மகள் ராதிகாவின் எண். சாவித்திரி எடுக்க மாட்டாள். அது அடித்து ஓயும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள்.

இன்று அது ஓயவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"இறங்கிட்டியா கண்ணு? நல்லபடியா இறங்கிட்டியா?"

கொழுந்தன் ஜெயவேலின் குரல். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அடித்தது அவள் போன் இல்லை, அவனுடையது.

ஜெயவேல் வீட்டில் இரண்டு விசைத்தறி ஓடுகிறது. அங்கே போனில் பேசுவதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதனால் முக்கியமான பேச்சு என்றால் நாலு வீடு தள்ளியிருக்கும் அண்ணி வீட்டுக்கு வந்துவிடுவான். இன்று விடிந்ததிலிருந்தே போனைக் கையில் பிடித்தபடி முன் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். அவன் மகன் விக்னேஷ் மேல்படிப்புக்காக அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் சென்னையில் விமானம் ஏறியிருந்தான்.

சாவித்திரி கரண்டியோடு வெளியே வந்தாள். ஜெயவேலுக்குக் கண்ணெல்லாம் ஈரம்.

"அண்ணி, இறங்கிட்டான்! இப்பத்தான் சக்கரம் தரையில பட்டுச்சாம். ஆளுங்க எல்லாம் மேல இருந்து பொட்டிய எடுத்துகினு இருக்காங்களாம்!"

சாவித்திரியின் உதடு கோணியது.

"இப்பத்தானா? போ ஜெயவேலு. நேத்து காலைல பத்து மணிக்கு ஏறின புள்ள, சாயந்தரம் ஏழரை மணிக்கே இறங்கியிருப்பான். ராத்திரி முழுக்க ஊரச் சுத்திப் பார்த்துட்டு இப்பத்தான் அப்பன் ஞாபகம் வந்திருக்குது. அந்த ஊரு தண்ணி அப்படி. குடிச்ச மறுநிமிஷம் பெத்தவங்கள மறந்து பூடுவாங்க."

"இன்னா அண்ணி சொல்றீங்க?" ஜெயவேல் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். "புள்ள இன்னும் ப்ளேனுக்குள்ள தான் நின்னுகினு இருக்கான். நீங்களே பாருங்க."

போனை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினான். திரையில் விக்னேஷ். தலை கலைந்து, கண் சிவந்து, தூக்கமில்லாத முகம்.

"பெரிம்மா! சாப்ட்டீங்களா?"

"அது கிடக்கட்டும். உண்மையச் சொல்லு. எப்ப இறங்கின?"

"இப்பத்தான் பெரிம்மா. அஞ்சு நிமிஷம் கூட ஆகல. இங்க ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஏழரை மணி. பாருங்க, இன்னும் வெயிலு கூட போவல."

விக்னேஷ் போனை விமானத்தின் சன்னல் பக்கம் திருப்பினான். நீளமான ஓடுதளத்தின் மேல் மஞ்சள் வெயில் சாய்ந்து கிடந்தது. சாவித்திரி தன்னையறியாமல் தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தாள். அங்கேயும் மஞ்சள் வெயில். ஆனால் இது திங்கட்கிழமை காலையின் வெயில்.

"இருபத்திரெண்டு மணி நேரம் பெரிம்மா. துபாய்ல இறங்கி வேற ப்ளேன் மாறி, உக்காந்து உக்காந்து காலு ரெண்டும் நீங்க சுடுற இட்லி மாதிரி உப்பிப் போச்சு. சரி, லைன் நகருது. ராதிகாக்கா வெளிய வந்து நின்னுகினு இருக்காங்களாம். அவங்ககிட்ட போனதும் மறுபடி பண்றேன்பா."

திரை அணைந்தது.

சாவித்திரியின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஏழரை மணி.

இதே வார்த்தை. ஐந்து வருடங்களுக்கு முன்பு இதே வீட்டில் அவள் காதில் விழுந்த இதே வார்த்தை!

அந்த வார்த்தை அவள் வாழ்க்கையில் என்ன செய்தது என்று புரிய வேண்டுமானால், பச்சையப்பனைத் தெரிந்திருக்க வேண்டும். பச்சையப்பன் அவள் கணவன். ஆரணி பஸ் நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று குறித்து, விசில் ஊதி அனுப்புகிற வேலை. இரண்டு நிமிடம் கூட நின்றுவிட்டுப் போக டிரைவர்கள் கெஞ்சுவார்கள், டீ வாங்கித் தருவார்கள், சட்டையைப் பிடிக்கவும் வருவார்கள். அவர் அசைய மாட்டார். ஒரு நிமிடத்தைக்கூட மாற்றிச் சொல்லாத மனுஷன் என்று ஊரே பேசும்.

சந்தவாசலிலிருந்து பத்தொன்பது வயதில் கல்யாணமாகி ஆரணிக்கு வந்த சாவித்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் உலகக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அந்த வீட்டில் யாரும் கிலோமீட்டர் பேசியதே இல்லை. வேலூர் எவ்வளவு தூரம்? ஒரு மணி நேரம். போளூர்? முக்கால் மணி. சென்னை? மூன்றரை. "ஏறின மணிய இறங்கின மணியில கழி. மீதி இன்னாவோ அதான் தூரம்" என்பார் பச்சையப்பன். பட்டுப் புடவைகளுக்குக் குஞ்சம் கட்டும் வேலையை வீட்டில் உட்கார்ந்தபடி செய்துகொண்டே அவள் அந்தக் கணக்கில் ஊறிப்போனாள்.

ஒரே மகள் ராதிகா. வேலூரில் என்ஜினீயரிங் படித்தாள். சென்னையில் வேலை பார்த்தாள். கம்பெனி அவளை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. அன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விமான நிலையம் வரைக்கும் போனால் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று சாவித்திரி வீட்டிலேயே இருந்துவிட்டாள். பச்சையப்பனும் ஜெயவேலும் போய் வழியனுப்பினார்கள். மறுநாள் திங்கட்கிழமை காலையில் ராதிகாவின் போன் வந்தது. பேசியது பச்சையப்பன். பேசிவிட்டு மனைவியிடம் ஓடி வந்தார்.

"நல்லபடியா போய்ச் சேர்ந்துட்டாடீ. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் ஏழரை மணிக்கே இறங்கிட்டாளாம். பத்து மணிக்கு ஏறினா, ஏழரைக்கு இறங்கிட்டா. ஒன்பதரை மணி நேரம். இன்னா பெரிய அமெரிக்கா? நம்ம ஊர்ல இருந்து மதுரைக்குப் போற நேரம். அழுவாத. பொண்ணு மதுரையில இருக்கான்னு நெனச்சிக்கோ."

அவள் அழுகை நின்றது. ஆனால் நெஞ்சின் ஒரு மூலையில் முதல் முள் தைத்தது அப்போதுதான். சாயந்தரமே இறங்கியவள், ஏன் மறுநாள் காலையில் போன் பண்ணினாள்? ராத்திரி முழுக்க அம்மா நினைப்பு வரவில்லையா?

இங்கே பகல் என்றால் அங்கே இரவு என்பது சாவித்திரிக்குத் தெரியாதா? தெரியும். மகளே சொல்லியிருக்கிறாள். ஆனால் அது வெளிச்சத்தின் விஷயம் என்று நினைத்தாள். பஸ் கணக்கில் அது எங்கே வருகிறது? ஏறின மணி, இறங்கின மணி. சொன்னவர் பச்சையப்பன். பச்சையப்பன் சொன்ன நேரம் தப்பாக இருக்குமா?

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ராதிகா போனில் கதறினாள். "கெடைச்ச மொத ப்ளேன்ல ஏறிட்டு வரேம்மா. வியாழக்கிழமை காலைல வந்துடுவேன். அப்பாவ எடுத்துடாதீங்கம்மா!"

வியாழக்கிழமையா?

கண்ணீரின் நடுவிலும் சாவித்திரியின் மனம் கணக்குப் போட்டது. போவதற்கு ஒன்பதரை மணி நேரம். வருவதற்கு இரண்டு நாளா? பொய்க்கு ஓர் அளவு வேண்டாமா? இன்று கிளம்பினால் இன்றே வந்து நிற்க வேண்டியவள்!

அன்று முழுக்க வாசலைப் பார்த்தாள். புதன்கிழமை மதியம் வரைக்கும் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள் கணவனின் முகம். "நாளைக்குக் காலைல வந்துடும் அண்ணி, வெச்சிகலாம்" என்று ஜெயவேல் கையைப் பிடித்துக் கெஞ்சினான். சாவித்திரி எழுந்து நின்றாள்.

"வர்றவளா இருந்தா நேத்தே வந்திருப்பா. எடுங்க."

மகள் போட வேண்டிய வாய்க்கரிசியை வேறு யாரோ போட்டார்கள். ஆற்றங்கரையில் சிதை எரிந்து முடிந்தது. வியாழக்கிழமை காலையில் பெட்டியோடு ஓடி வந்த ராதிகா, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள்.

"உங்கப்பா நேத்தே பூட்டாரு. நீயும் நேத்தே வந்திருக்கணும்."

அதுதான் தாய் மகளிடம் பேசிய கடைசி வார்த்தை. ராதிகா அடுத்த தெருவில்கூட அல்ல, நாலே வீடு தள்ளிச் சித்தப்பா வீட்டில் அழுதுகொண்டு கிடந்தாள். காரியம் முடிந்த கையோடு திரும்பிப் போனாள். போன தை மாதம் சென்னையில் அவளுக்கும் ராஜேஷ் என்கிற பையனுக்கும் கல்யாணம் நடந்தது. ஜெயவேலும் அவன் மனைவி திலகவதியும் தாரை வார்த்தார்கள். பெற்றவள் போகவில்லை. அன்று முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு குஞ்சம் கட்டினாள். முடிச்சு ஒவ்வொன்றும் நழுவியது.

"அண்ணி... அண்ணி! இன்னா ஆச்சு? முகமெல்லாம் வேர்க்குது, உக்காருங்க."

ஜெயவேல் பிடித்து உட்கார வைத்தான். தண்ணீர் கொண்டு வந்தான். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"ஜெயவேலு, எனக்கு ஒண்ணு சொல்லு. பத்து மணிக்கு ஏறினான். அங்க ஏழரைக்கு இறங்கினான். அப்பறம் எப்படி இருபத்திரெண்டு மணி நேரம் ஆவும்?"

"அங்க மணி நம்மளுக்குப் பன்னெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது அண்ணி. நம்ம இந்த நிமிஷம் திங்கக்கிழமை காலைல இருக்கிறோம். அவங்க இதே நிமிஷம் ஞாயித்துக்கிழமை சாயந்தரத்துல இருக்காங்க. நேரா கோடு போட்டாலே பதினாலாயிரம் கிலோமீட்டராம். துபாய சுத்திகினு போனா இன்னும் ஜாஸ்தி. இங்க ஏறின மணிய அங்க இறங்கின மணியில கழிச்சா எப்படிக் கணக்கு வரும்?"

"அப்ப... திரும்பி வரும்போது?"

"அப்பவும் அதே பயணந்தான். ஆனா பின்னாடி போன மணி இப்ப முன்னாடி ஓடிடும். அன்னிக்கு அவளுக்குக் கெடைச்ச மொத ப்ளேனே அங்க செவ்வாக்கிழமை சாயந்தரந்தான். அதுல ஏறினா இங்க வியாழக்கிழமை காலைலதான் இறங்க முடியும். ப்ளேன்ல தொங்கிகினு வந்தாலும் அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை ஏறினால் வியாழக்கிழமை.

சாவித்திரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு உலகம் தலைகீழாய்ச் சுழன்றது. மகள் பொய் சொல்லவில்லை. ஒரு நாள்கூட, ஒரு மணி நேரம்கூட வீணாக்கவில்லை. அப்பனின் முகத்தைப் பார்க்க வானத்தில் பறந்து வந்துகொண்டிருந்தாள். அவள் பறந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே பெற்றவள் எழுந்து நின்று "எடுங்க" என்று சொல்லியிருக்கிறாள்!

அப்படியானால் அந்த முதல் திங்கட்கிழமை? காலையில் வந்த அந்தப் போன்?

"அய்யோ! எம் பொண்ணு இறங்கின அந்த நிமிஷமே கூப்ட்டிருக்கா. இந்த வெக்னேசு மாதிரியே ப்ளேனுக்குள்ள நின்னுகினே கூப்ட்டிருக்கா. ராத்திரி முழுக்க மறந்துட்டான்னு நெனச்சேனே ஜெயவேலு!"

ஜெயவேலுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. அவன் முகம் வெளிறியது.

"இதுக்குத்தானா அண்ணி? இத்தினி நாளும் இதுக்குத்தானா? நான் இன்னான்னா, பொண்ணு வெளிநாடு போனது புடிக்கல, அந்தக் கோவம்னு... ஒரு தரம், ஒரே ஒரு தரம் வாயத் தொறந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"யார கேக்கறது? கணக்கு சொன்னதே உங்கண்ணன். அவரு சொன்ன மணி என்னிக்காவது தப்பியிருக்குதா?"

ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டான். நாற்காலியின் விளிம்பை விரலால் சுரண்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணனுக்குத் தெரியும் அண்ணி."

"இன்னா தெரியும்?"

"ஏர்போர்ட்டுலயே ராதிகா சொல்லுச்சு. இருபத்திரெண்டு மணி நேரம்பா, நாளைக்குக் காலைல தான் கூப்டுவேன்னு. அண்ணன் அப்படியே நின்னுட்டாரு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல என் கையப் புடிச்சிகினாரு. 'டேய், உங்க அண்ணிகிட்ட இதச் சொல்லாத. ராத்திரி பகல் மாறிப்போற தூரத்துல பொண்ணு இருக்கான்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. நான் எதுனா சின்னதா சொல்லிக்கறேன்'னாரு. நானும் சரின்னேன். அதோட மறந்தும் பூட்டேன். இது இப்படி வந்து நிக்கும்னு எனக்கு..."

அவன் நிமிராமலே கையை விரித்தான்.

சாவித்திரி சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். காக்கிச் சட்டைப் பையில் விசிலோடு பச்சையப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் காலில் விழுந்தும் இரண்டு நிமிடம் தள்ளித் தராத மனுஷன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பொண்டாட்டியின் கண்ணீரைத் துடைப்பதற்காக மணியை மாற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பொய்யை அவள் சத்தியம் என்று பிடித்துக்கொண்டு, அவருடைய மகளையே அவருடைய முகம் பார்க்கவிடாமல் செய்துவிட்டாள்.

"ஏன்யா?" என்றாள் படத்தைப் பார்த்து. "நான் அழுதா அழுதுட்டுப் போறேன். ஏன்யா மதுரைன்னு சொன்ன?"

அடுப்பில் இட்லிப் பானை தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றும் சத்தம் கேட்டது. ஜெயவேல்தான் ஓடிப்போய் அணைத்தான். திரும்பி வந்தபோது அண்ணி அதே இடத்தில், அதே நிலையில் இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குப் பயம் குறைந்திருக்கும்.

"திலகாவ கூட்டியாரட்டுமா அண்ணி?"

"வேணாம்." வெகு நேரம் கழித்துக் கேட்டாள். "இன்னிக்கு எனக்குப் போன் வரலியே, கவனிச்சியா? திங்கக்கிழமை தவறாம அடிக்கும். விடிஞ்சதுல இருந்து அது அடிக்கல, அது அடிக்கலன்னு தான் இருந்தேன். எடுக்கப் போறதில்லைன்னாலும் காது அங்கதான் கெடந்துச்சு."

"அவதான் ஏர்போர்ட்டுல நிக்கறாளே அண்ணி, எம் புள்ளய கூட்டிகினு போவ."

அந்த நேரத்தில் ஜெயவேலின் கையிலிருந்த போன் மறுபடியும் அடித்தது. திரையில் ராதிகாவின் பெயர். இருவரும் அந்தப் பெயரை வெறித்துப் பார்த்தார்கள். மூன்று முறை அடித்தது. சாவித்திரியின் கண்கள் பழக்கப்படி சுவருக்குப் போயின. அங்கே அவர் இருந்தார், விசிலோடு.

ஜெயவேல் பச்சைப் பொத்தானைத் தள்ளினான்.

"சித்தப்பா! விக்னேஷ் வந்துட்டான். இதோ பக்கத்துலதான் பொட்டிய தள்ளிகினு வரான். கவலப்படாதீங்க, ரசம் வெச்சிருக்கேன், ராஜேஷ் வண்டியில இருக்காரு..."

மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்த முகம் மெலிந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்பனுடைய அதே நெற்றி.

"ராதிகா, ஒரு நிமிஷம்மா" என்ற ஜெயவேல் போனை அண்ணியின் கைகளில் வைத்து, அவள் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டான்.

அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று அறுந்தது. ராதிகாவின் உதடுகள் திறந்தபடியே நின்றன. பின்னால் யார் யாரோ பெட்டிகளை உருட்டிக்கொண்டு போனார்கள். சாவித்திரிக்கு எதைச் சொல்வது? மன்னிப்பா? அந்த வார்த்தை அவளிடம் இருந்ததே இல்லை. கடைசியில் வெளியே வந்தது ஒரு கேள்விதான்.

"உங்க ஊர்ல இன்னும் நேத்துதானாடி?"

ராதிகாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்க, தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஆமாம்மா. இங்க இன்னும் ஞாயித்துக்கிழமைதாம்மா."

"நேத்தே பேசியிருக்கணும்டி நானு. உங்கப்பா... உங்கப்பா எங்கிட்ட மதுரைன்னு சொல்லிட்டாருடி..."

மூன்று வருடமாக இறங்காத அழுகை இறங்கியது. "எந்த மதுரைம்மா? இன்னாம்மா சொல்ற?" என்று அந்தப் பக்கத்திலிருந்தும் அழுகையும் கேள்வியுமாக வந்தது.

ஜெயவேல் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தரையில் கிடந்த கரண்டியை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். இங்கே இனி தனக்கு வேலையில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. ஓசைப்படாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். கதவைத் திறந்ததும் நாலு வீடு தள்ளி ஓடிக்கொண்டிருந்த அவனுடைய விசைத்தறிகளின் தடதடப்பு உள்ளே பாய்ந்து வந்தது.

"ஜெயவேலு!" சாவித்திரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை ஆட்டினாள். "போனு எங்கிட்டயே இருக்கட்டும். கதவ சாத்திட்டுப் போ. எம் பொண்ணு பேசறது கேக்கல."

அவன் வெளியே இறங்கிக் கதவை இழுத்துச் சாத்தினான்.